கசகசா பாயசமும் லாரி ஏறாத குதிரையும்

லாயத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மேலாளர் கவரைப்பேட்டையில் என் வீட்டுக்கு வந்திருந்தார். "புதுசா ஆளுங்க வந்திருக்காங்கக்கா. குதிரை ஓனர்கள் நம்ம லாயத்துகிட்ட என்ன எதிர்பார்ப்பாங்கன்னு அவங்களுக்கு எழுதிக் கொடுங்க" என்றார். இனிப்பாக எழுதச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எனக்கு அது வராது.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இனி யாருக்கும் பயப்படத் தேவையில்லை. வேலையில் இருந்தபோதும் பெரிதாகப் பயந்ததில்லை என்பது வேறு விஷயம். எவ்வளவு கொள்ளு போடுவது, எப்போது லாடம் மாற்றுவது என்பதெல்லாம் இதில் இருக்காது. அதை சைஸுகளிடம் கேளுங்கள். நாள் முழுக்கக் குதிரைகூடவே நின்று அதைப் பார்த்துக்கொள்கிறவர்கள் அவர்கள்தான். நான் எழுதுவது வேறு. ஓனர் எதிரில் நின்று கத்தும்போது நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதைப் பற்றி. படித்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் மடித்து வைத்துவிட்டுப் போய்க் கொட்டடியைக் கூட்டுங்கள்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். என் பெயர் ஸ்டெல்லா. எங்கள் அப்பா காலம் வரைக்கும் எங்கள் வீட்டில் அடுத்தவர் கழனியில் நடவும் களையெடுப்பும்தான். எங்கள் தலைமுறையில் அண்ணன், தம்பி, நான் என்று எல்லோரும் கும்மிடிப்பூண்டி ஃபேக்டரிகளுக்குப் போய்விட்டோம். நான் இருந்தது குவாலிட்டி பிரிவு. பெல்ட்டில் வரும் பாகத்தைப் பார்த்து, சரியில்லை என்றால் சிவப்புச் சீட்டு ஒட்ட வேண்டும். சிவப்புச் சீட்டு ஒட்டியதை லாரியில் ஏற்றக் கூடாது. அது விதி. நடப்பது என்ன என்று ஃபேக்டரியில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒருநாள் நான் ஒட்டிய சீட்டை என் கண் முன்னாலேயே கிழித்துவிட்டு லாரி ஏற்றினார்கள். மறுநாள் நான் போகவில்லை.

அப்போதுதான் சோழவரம் ஏரிக்கு அந்தப் பக்கம் இந்த லாயத்தைத் திறந்திருந்தார்கள். ஆட்களை மேய்க்க ஒரு சூப்பர்வைசர் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். அதுவரை கல்யாண ஊர்வலத்தில் தவிர வேறெங்கும் குதிரையைப் பக்கத்தில் பார்த்தது கிடையாது. கடி வாங்கியும் உதை வாங்கியும் கற்றுக்கொண்டேன். சில வருடங்களில் மேலாளர் ஆக்கினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

இது சவாரிக்கு வாடகைக்கு விடுகிற இடம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். குதிரை ஓனருடையது. அதை நம்மிடம் விட்டுவைக்கிறார்கள். நாம் தீனி போட்டு, தேய்த்து, பழக்கி, தடை தாண்டும் போட்டிகளுக்கு அழைத்துப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமையானால் குடும்பத்தோடு வந்து கேரட் கொடுத்து, ஃபோட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். அதில் தப்பில்லை. ஆசைப்பட்டு வாங்கியதுதானே.

ஆனால் ஆசைக்கு ஓர் அளவு வேண்டும். கொட்டடிகளில் கேமரா மாட்டிய புதிதில் ஓர் ஓனர் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஃபோன் போட்டு அலறினார். "ஏம்மா, குதிரை கீழ படுத்துக்கினு கீது! கால நீட்டிக்கிச்சு! செத்துப்புடுச்சா?" நான் எட்டிப் பார்த்தேன். நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. "தூங்குது சார். நீங்களும் சாப்ட்டு கொஞ்சம் படுங்க" என்று சொல்லிவிட்டு வைத்தேன். குதிரை படுக்கும் என்பதே அந்த மனிதருக்குத் தெரியாது. அதை அவர் வாங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது.

இன்னொருவர் திருவள்ளூர்க்காரர், மனை வியாபாரம். மச்சினன் கல்யாணத்துக்கு, மாப்பிள்ளை அழைப்புக்கு, ஒரு சாயங்காலம் மட்டும் குதிரையைக் கொடுங்கள் என்று வந்து நின்றார். அவருடைய குதிரைதான். ஆனால் அடுத்த வாரம் போட்டிக்குப் போக வேண்டியது. பேண்டு வாத்தியம், சரவெடி, தலைமேல் மின்னுகிற விளக்கு எல்லாவற்றுக்கும் நடுவில் அதைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டுமாம். "மாப்பிள்ளைய இங்க கொண்டாந்து உடுங்க சார். மைதானத்துலயே நாலு ரவுண்டு ஊர்வலம் உட்டு அனுப்பறேன்" என்றேன். ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கல்யாணத்துக்கு வெளியிலிருந்து கொண்டுவந்த குதிரை மாப்பிள்ளையைக் கீழே தள்ளிவிட்டதாக அப்புறம் கேள்விப்பட்டேன். சந்தோஷப்படவில்லை என்று சொன்னால் அது பொய்.

இதெல்லாம் சில்லறை விஷயங்கள். சிரித்துவிட்டுப் போய்விடலாம். சிரிக்க முடியாத ஒன்றைத்தான் சொல்ல வந்தேன். அதற்கு முன் கயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒருமுறை நாங்கள் நாஷ்டாவுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, ஓர் ஓனரின் டிரைவர் தானே குதிரையை லாரியில் ஏற்றிக்கொண்டு போட்டிக்குக் கிளம்பிவிட்டார். முன்காலில் வீக்கம் இருந்த குதிரை. நடுப்போட்டியில் நொண்டி நின்றது. அதற்கப்புறம் அது எந்தத் தடையையும் தாண்டவே இல்லை. அன்றைக்கு நான் ஒரு சட்டம் போட்டேன். போட்டிக்குப் போகிற குதிரையின் கயிறு மேலாளர் கையில் இருக்க வேண்டும். கால் நான்கையும் தொட்டு, கண்ணைப் பார்த்து, வாயைப் பார்த்து, பிறகு மேலாளரே நடத்திப் போய் லாரியில் ஏற்ற வேண்டும். வேறு யார் கையாலும் ஏறக் கூடாது. லாய முதலாளி ஒத்துக்கொண்டார். குதிரையைக் கொண்டுவந்து விடுகிற ஒவ்வொரு ஓனரிடமும் முதல் நாளே சொன்னோம். எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்ட என்ன செலவு?

அப்படித் தலையாட்டியவர்களில் ஒருவர் தாமோதரன். கும்மிடிப்பூண்டியில் சொந்தமாக ஃபேக்டரி வைத்திருந்தார். லாரி, பஸ்ஸுக்கு உதிரி பாகம் செய்கிற ஃபேக்டரி. எங்களிடம் மூன்று குதிரைகள் விட்டிருந்தார். அவர் மனைவி பத்மா ஆரம்பாக்கத்துக்காரர். வீட்டில் பாதித் தெலுங்கு, பாதித் தமிழ். ஒரே மகள் நித்யா. அவளுக்குப் பதினேழு வயது. மூன்று குதிரைகளில் அவள் ஓட்டுவது ஒன்றைத்தான். ரேஸில் ஓடி முடித்த குதிரை அது. பிஸ்கெட் நிறத்தில் இருந்ததால் சின்ன வயதில் அவளே அதற்குப் பிஸ்கெட் என்று பெயர் வைத்துவிட்டாள். நல்ல ஆண் குதிரைக்கு வைக்கிற பெயரா அது என்று சைஸ் ஏழுமலைக்கு எப்போதும் வருத்தம்.

அந்தப் பெண் ஓட்டுவதை நான் வேலையை விட்டுவிட்டு நின்று பார்ப்பேன். அதட்ட மாட்டாள், அடிக்க மாட்டாள். தடைக்கு முன்னால் குதிரை யோசித்தால் அவளும் சேர்ந்து யோசிப்பதைப் போல ஒரு கணம் விடுவாள். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து தாண்டுவார்கள். எனக்குப் பிள்ளைகள் கிடையாது. அவள்மேல் எனக்குப் பிரியம் இருந்தது. அதை அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அந்த வருடம் பெங்களூருவில் ஜூனியர்களுக்கான தேர்வுப் போட்டி. அதில் தேறினால் நாட்டு அணிக்கு ஆள் எடுக்கும்போது பெயர் வரும். அடுத்த வருடம் அவள் வயது ஜூனியரைத் தாண்டிவிடும். பெரியவர்கள் போட்டிக்குப் போனால் பிஸ்கெட்டுக்கு அந்தத் தடைகளின் உயரம் ஆகாது. அதனால் அவளுக்கு இது ஒன்றுதான் வாய்ப்பு. பள்ளிப் பரீட்சையைக்கூட இரண்டாம்பட்சமாக்கிவிட்டு உழைத்திருந்தாள். லாயத்துக் கோச் மற்ற குதிரைகளோடு முந்தின நாளே போய்விட்டார். பிஸ்கெட்டுக்குத் தனி லாரி. அது காலையில் வந்து நின்றது. ஓனர் குடும்பமும் காரில் வந்து இறங்கியது.

நான் வழக்கம்போலக் கொட்டடிக்குள் போய்க் காலைத் தொட்டேன். நாலு காலும் ஜில்லென்று இருந்தது. சூடாக இருந்தால்தான் கவலை. கண் பளிச்சென்று இருந்தது. வாயைப் பார்க்கக் குனிந்தபோது ஏலக்காய் வாசனை அடித்தது. மூக்குக்குக் கீழே முடியில் தேங்காய்த் துருவல் ஒட்டியிருந்தது. தீனி வாளியைப் பார்த்தேன். கழுவி வைத்ததுபோல நக்கியிருந்தது.

"ஏழுமல, இத்துக்கு இன்னா குட்த்தே?"

ஏழுமலை தலையைச் சொறிந்தார். "நான் ஒண்ணும் குடுக்கலக்கா. அம்மாதான்... கொஞ்சூண்டு ஸ்வீட்டு."

"எந்த அம்மா?"

"பத்மாம்மாக்கா. தூக்குல கொண்டாந்தாங்க. ஓனர் ஊட்டம்மா கையால குடுக்கறாங்க, நான் இன்னா வேணாம்னு சொல்றது?"

பத்மா வேலிக்கு வெளியே நின்றிருந்தார். கையில் காலித் தூக்கு. போய்க் கேட்டேன்.

"பாயசங்க. ஒவ்வொரு போட்டிக்கும் கிளம்பும்போது நித்யாவுக்கு ஒரு டம்ளர் குடுப்பேன். இந்தத் தடவ பெரிய போட்டியாச்சே. ரெண்டு பேரும்தானே சேர்ந்து ஓடுறாங்க? பொண்ணுக்கு மட்டும் குடுத்துட்டு இதுக்குக் குடுக்காம போனா எனக்கு மனசு கேக்கல" என்றார்.

"பாயசத்துல இன்னா இன்னா போட்டீங்கம்மா?"

"தேங்கா, வெல்லம், ஏலக்கா... எங்க ஊர்ப்பக்கம் செய்யறாப்ல கசகசாவ நல்லா அரைச்சு ஊத்தி..."

கசகசா எந்தச் செடியின் விதையோ அதே செடியின் பாலில்தான் அபின் எடுக்கிறார்கள். விதையில் அதன் வாசம் மாதிரி ஒரு துளி ஒட்டியிருக்கும். நாமும் சாப்பிடுகிறோம், ஒன்றும் ஆவதில்லை. குதிரைக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் போட்டியில் குதிரையின் ரத்தமும் மூத்திரமும் எடுத்துச் சோதிப்பார்கள். ஜெயித்த குதிரைகளைக் கட்டாயம் சோதிப்பார்கள். மற்றதில் இஷ்டப்பட்ட சிலவற்றைப் பிடிப்பார்கள். அதில் அந்தத் துளி தெரிந்தால் கேள்வியே கிடையாது. குதிரைக்குப் போதை மருந்து கொடுத்து நித்யா ஓட்டினாள் என்றுதான் எழுதுவார்கள். பாயசம் என்று எழுத மாட்டார்கள்.

லாரி டிரைவரிடம் இன்ஜினை நிறுத்தச் சொன்னேன். கால்நடை டாக்டருக்கு ஃபோன் போட்டேன். "எவ்வளவு சாப்பிட்டுச்சு, எவ்வளவு அரைச்சாங்க, ஒண்ணும் தெரியாம நான் எப்படிச் சொல்றது ஸ்டெல்லா? சோதனைல காட்டலாம். காட்டாமலும் போகலாம்" என்றார். கோச்சுக்குப் போட்டேன். அவர் அங்கே தலைக்கு மேல் வேலையில் இருந்தார். "நீங்க பாத்து முடிவு பண்ணுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். தம்பி, தங்கைகளே, நெருக்கடியில் எல்லோரும் இப்படித்தான் அன்பாகப் பேசி முடிவை உங்கள் மடியில் வைத்துவிட்டுப் போவார்கள். பழகிக்கொள்ளுங்கள்.

எனக்கும் ஏற்றி அனுப்பத்தான் ஆசை. அதை மறைக்கவில்லை. அந்தப் பெண் காரில் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டால் போட்டி நடக்கும். ஒருவேளை அவள் ஜெயிப்பாள். ஜெயித்தால்தான் கட்டாயம் சோதிப்பார்கள். அவள் நன்றாக ஓட்டினால் மாட்டிக்கொள்வாள், மோசமாக ஓட்டினால் தப்பிப்பாள். அப்படி ஒரு போட்டிக்கு ஒரு பிள்ளையை எந்த முகத்தோடு அனுப்புவது? நான் பிஸ்கெட்டின் கயிற்றை அவிழ்த்து என் கையில் சுற்றிக்கொண்டு கொட்டடி வாசலில் நின்றேன்.

"குதிரை இன்னிக்குப் போகாது சார்" என்று தாமோதரனிடம் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன்.

அவர் முதலில் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் முகம் மாறியது. "பாயசத்துக்கா? யார் கண்டுபிடிக்கப் போறான்?"

"ஜெயிச்சா கண்டுபிடிப்பாங்க சார். ஜெயிக்கத்தானே போறோம்?"

"இத பாரும்மா. என் குதிர. என் பொண்ணு. லாரிய வரச் சொன்னது நான். இதுல உனக்கு இன்னா பேஜாரு?"

"குதிர உங்களுது சார். கயிறு என்னுது. மொத நாளே சொன்னோம், தல ஆட்டுனீங்க."

அவர் ஃபேக்டரிக்காரர், நானும் ஃபேக்டரியிலிருந்து வந்தவள். அந்தப் பாஷையில் சொன்னால் புரியும் என்று நினைத்தேன். "உங்க கம்பெனில ஒரு லாட்ல கலப்படம் ஆயிட்ச்சின்னு தெரிஞ்சா, லாரி ஏத்துவீங்களா சார்?"

"ஏத்தியிருக்கேம்மா. ஒண்ணும் ஆவல" என்றார்.

அந்த நேரத்திலும் ஏழுமலை துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். மனிதர் உண்மையைச் சொல்லிவிட்டாரே! அப்புறம் சொன்னேன். "இந்த லாட்ல உங்க பொண்ணு பேரு ஒட்டியிருக்கு சார். மாட்டுனா பேப்பர்ல உங்க பேரு வராது. அது பேருதான் வரும்."

அவர் லாய முதலாளிக்கு ஃபோன் போட்டு என் கையில் கொடுத்தார். முதலாளி சென்னையில் இருந்தார். "ஏத்தி அனுப்பிடு ஸ்டெல்லா. அவர் மூணு குதிர வெச்சிருக்கார். பகைச்சுக்க முடியாது" என்றார்.

"அப்டின்னா நீங்க வந்து கயித்தப் புடிச்சு ஏத்திக்குங்க சார். நான் நவுந்து நிக்கறேன்."

"நான் எங்கேந்து வர்றது?"

"எனக்கு எப்படி சார் தெரியும்?" என்று சொல்லிவிட்டு ஃபோனைத் தாமோதரனிடமே திருப்பிக் கொடுத்தேன். முதலாளி வரவில்லை. வர மாட்டார் என்று எனக்குத் தெரியும். கயிற்றைப் பிடித்தால் பொறுப்பும் சேர்ந்து கைக்கு வந்துவிடும். அதைத் தொட அவருக்குத் தைரியம் இல்லை. ஏற்று என்று சொல்ல மட்டும்தான் இருந்தது.

தாமோதரன் தன் டிரைவரைக் கூப்பிட்டு, குதிரையை வெளியே கொண்டுவரச் சொன்னார். அந்த மனிதர் என்னைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார், "எனக்குக் குதிரன்னா பயம் சார்" என்று சொல்லிவிட்டு லாரிக்குப் பின்னால் போய்விட்டார். அடுத்து தாமோதரன் ஏழுமலையைக் கூப்பிட்டார். ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டு, "அக்கா சொன்னா ஏத்தறேன் சார்" என்றார். பத்மா அழ ஆரம்பித்திருந்தார். "நாந்தானே குடுத்தேன். என்னத் திட்டுங்க, குதிரைய உடுங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவரை நான் ஒரு வார்த்தை திட்டவில்லை. இன்றைக்கும் திட்ட மாட்டேன். கேட்டதும் ஒளிக்காமல் சொன்னாரே, அந்த உண்மைக்காக வீட்டில் அவரை என்ன பாடு படுத்தினார்களோ.

கடைசியாக நித்யா வந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். மெதுவாகத்தான் பேசினாள்.

"அடுத்த வருஷம் நான் ஜூனியர் இல்ல. அது தெரியுமில்ல உங்களுக்கு?"

"தெரியும்மா."

"டாக்டர் காட்டாமலும் போகலாம்னுதானே சொன்னார்?"

"ஆமா."

"உங்களுக்கு என்ன? வருஷா வருஷம் வேற குதிரை வரும், வேற பசங்க வருவாங்க. எனக்கு இது ஒண்ணுதான்."

நீ ஓட்டுவதை வேலையை விட்டுவிட்டு நின்று பார்க்கிறவள் நான் என்று சொல்ல நினைத்தேன். அதைச் சொன்னால் அழுதுவிடுவேன், அழுதால் கயிற்றை விட்டுவிடுவேன் என்று தெரிந்ததால் சொல்லவில்லை. "உன் பேரு அழுக்காகாம இருந்தாதான் எந்தப் போட்டியும்" என்று மட்டும் சொன்னேன்.

"நான் உங்களை மன்னிக்கவே மாட்டேன். சாகற வரைக்கும்."

"சரி" என்றேன்.

வேறு என்ன சொல்ல முடியும்? அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் செய்ததிலும் நியாயம் இருந்தது. பிஸ்கெட்டைத் திருப்பிக் கொட்டடிக்குள் கட்டினேன். லாரி வெறுமையாகத் திரும்பிப் போனது.

அடுத்த வாரமே தாமோதரன் மூன்று குதிரைகளையும் வேறு லாயத்துக்கு மாற்றினார். அங்கிருந்து ஆட்களும் லாரியும் வந்தன. மற்ற இரண்டும் ஏறிவிட்டன. பிஸ்கெட் மட்டும் லாரியில் ஏறுகிற பலகையில் காலை வைக்கவே இல்லை. இழுத்தார்கள், தள்ளினார்கள், ஒருவன் குச்சியை எடுத்தான். நான் தீவன அறையிலிருந்து இறங்கி வந்தேன்.

"உன்ன யாரும் கூப்டலம்மா" என்றார் தாமோதரன்.

"நானும் உங்களக் கேக்கல சார்" என்று சொல்லிவிட்டுக் கயிற்றை வாங்கினேன். நாலு காலையும் தொட்டேன். கண்ணைப் பார்த்தேன். வாயைப் பார்த்தேன். வெறும் புல் வாசனை. நன்றாக இருக்கிற குதிரை, ஏற்றலாம். என் பின்னாலேயே நடந்து வந்து ஏறியது. நித்யா காரில் உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் போன பிறகு நான் தீவன அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஏழுமலை வெளியே நின்று சும்மா இருமிக்கொண்டே இருந்தார்.

நேர்மைக்குப் பரிசு கிடைத்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். கிடைக்கவில்லை. அந்த மூன்று கொட்டடிகளும் ரொம்ப நாள் காலியாகவே கிடந்தன. கடைசியில் வைக்கோல் போட்டு வைத்தோம். முதலாளி அந்தப் பக்கம் நடக்கும்போதெல்லாம் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். "பாயசம் சாப்ட்ட குதிரைய ஏத்தியிருந்தா இன்னா ஆயிருக்கும்?" என்று பல பேர் கேட்டார்கள். எனக்குத் தெரியாது. சோதனையில் ஒன்றும் தெரியாமல் போயிருக்கலாம். அந்தப் பெண் ஜெயித்து அணிக்குள் போயிருக்கலாம். அப்படி நடந்திருக்க வாய்ப்பு உண்டு என்று ஒத்துக்கொண்டே சொல்கிறேன், நாளைக்கு அதே லாரி வந்து நின்றாலும் நான் ஏற்ற மாட்டேன். கேட்டவர்களிடமும் இதையேதான் சொன்னேன். சில பேர் தலையில் அடித்துக்கொண்டு போனார்கள்.

உங்களுக்கு ஒன்று புரிய வேண்டும். ஓனர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் கண்ணுக்குக் குதிரையின் மேல் தங்கள் பிள்ளை உட்கார்ந்திருப்பது தெரியும், கோப்பை தெரியும், தங்கள் பெயர் தெரியும். குதிரையின் வாய் தெரியாது. அதைப் பார்க்கத்தான் உங்களை வைத்திருக்கிறார்கள். பார்த்ததைச் சொன்னால் அவர்களுக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்வதுதான் இந்த வேலை. "சரி சார், ஆவட்டும் சார்" என்று சொல்ல மட்டும் ஆள் வேண்டுமென்றால், ஃபோனிலேயே குரல் பதிவு பண்ணி வைத்துவிடலாமே. உங்களுக்கு எதற்குச் சம்பளம்?

நான் ஓய்வு பெறும்வரை நித்யா லாயத்தின் பக்கம் காலே வைக்கவில்லை. படித்து முடித்தாள். அப்பாவின் ஃபேக்டரியில் அவளுக்கென்று அறை தயாராக இருந்ததாம். அங்கே போகாமல், நான் வெளியே வந்த கொஞ்ச நாளில் லாய முதலாளியிடம் போய் வேலை கேட்டிருக்கிறாள். இப்போது உங்கள் மேலாளர் அவள்தான். உங்களுக்கு இதுவரை அவள் சொல்லியிருக்க மாட்டாள். எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தவள் எங்கள் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருந்தாள். முகம் வாடியிருந்தது. இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் பேசுவது அதுதான் முதல் தடவை.

"நேத்து ஒரு குதிரையை ஏத்தலக்கா."

"இன்னா ஆச்சு?"

"முன்கால்ல சூடு. லேசாத்தான். ஓனர் ஒண்ணுமே இல்லங்கறார். டாக்டர், போகலாம், போகாமலும் இருக்கலாம்னு சொல்றார்."

"டாக்டருங்க எப்பவுமே அப்டித்தான்."

அவள் சிரிக்கவில்லை. "உங்களை நான் இன்னும் மன்னிக்கல. அது உங்களுக்குத் தெரியணும்" என்றாள்.

"தெரியும்மா."

"அதை ஓட்ட வேண்டிய பொண்ணு நேத்து என் மூஞ்சிக்கு நேரா வந்து அதையேதான் சொன்னா. சாகற வரைக்கும் மன்னிக்க மாட்டேன்னு."

"நீ இன்னா சொன்னே?"

"சரின்னேன்."

ஓனர்கள் என்ன எதிர்பார்ப்பார்கள் என்று இனி என்னைக் கேட்காதீர்கள். அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அவளும் ஓனர் வீட்டுப் பெண்தான்.